கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ போட்டிருந்தால் அந்த மருந்து ஆகாது என்று அர்த்தமா?

பொன்னமராவதி_செல்வி
காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 64, பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன வாரம் நீர்க்கடுப்பு, எரிச்சல், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை. டாக்டர் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். நேற்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்ற கிருமி, 1 லட்சத்துக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இப்படி:

நைட்ரோஃபுரான்டாயின் ≤16 எஸ்
கோட்ரைமாக்சசோல் ≤20 எஸ்
ஃபாஸ்ஃபோமைசின் ≤16 எஸ்
சிப்ரோஃப்ளாக்சசின் ≥4 ஆர்
செஃப்ட்ரியாக்சோன் ≥64 ஆர்
மெரோபெனெம் ≤0.25 எஸ்

டாக்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள் சாப்பிடச் சொன்னார். வீட்டுக்கு வந்த சித்தப்பா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். “எஸ் என்றால் சென்சிடிவ், அதாவது அண்ணிக்கு அலர்ஜி. ஆர் போட்டிருப்பதுதான் ரெகமண்ட் செய்த மருந்து” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து அம்மா மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். முன்பு ஒரு முறை சல்ஃபா மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனது, அந்தப் பயம் வேறு. கிளினிக் 10 மணிக்குத்தான் திறக்கும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூத்தாநல்லூர்_ரஹீம்
காலை 7.05

சித்தப்பா சொன்னது அப்படியே தலைகீழ், சகோதரி. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கேட்கும். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், கேட்காது. டாக்டர் எஸ் உள்ள மருந்தைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சல்ஃபா ஒத்துக்கொள்ளாதது அவருக்குத் தெரியுமா? முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

தட்டும்_வட்டும்
காலை 7.40

செல்வி, ரஹீம் பாய் சொன்னது சரி. கிளினிக் திறந்ததும் ஒரு போன் போட்டு இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சல்ஃபாவுக்கு உடம்பு தடித்தது. இன்னொன்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்டான கிரியேட்டினின் அம்மாவுக்குக் கடைசியாக எவ்வளவு இருந்தது. நைட்ரோஃபுரான்டாயின் சல்ஃபா மருந்து கிடையாது. ஆனால் சிறுநீரகம் ரொம்பக் குறைவாக வேலை செய்பவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. பல வருடம் சர்க்கரை இருப்பவர் என்பதால் கேட்டுவிடுவது நல்லது.

நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களிடம் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூசி சென்சிடிவ், பல் சென்சிடிவ் என்று எல்லோரும் பேசுகிறோம். அதே சொல் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயருக்கு எதிரே நின்றால் ஒத்துக்கொள்ளாது என்றுதான் தோன்றும். இப்போது பல லேப்கள் அதை மாற்றி சஸெப்டிபிள் என்று அச்சடிக்கின்றன. இரண்டுக்கும் முதலெழுத்து எஸ் என்பதால் குழப்பம் அப்படியே இருக்கிறது.

லேபில் என்ன நடக்கிறது என்று சொன்னால் பயம் போய்விடும். வந்த சிறுநீரிலிருந்து 1 மைக்ரோலிட்டர் மட்டும் எடுக்கும் லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டு, அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் கோடு இழுத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைப்போம். காலையில் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டங்கள் வளர்ந்திருக்கும். 100 புள்ளி இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 1 லட்சம் என்று கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 1 லட்சம் இப்படி வந்ததுதான். ஈ.கோலையாக இருந்தால் மெக்காங்கி என்ற ஒரு வகை அகார் தட்டில் நல்ல ரோஸ் நிறத்தில் தெரியும்.

அப்புறம் அந்தப் புள்ளிகளில் இரண்டு மூன்றை எடுத்து உப்புநீரில் கரைத்து, கலங்கல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வரும்வரை சரிசெய்வோம். அதைப் பஞ்சால் தொட்டு இன்னொரு தட்டு முழுக்க மெழுகுவதுபோல் பூசுவோம். மேலே மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைப்போம். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். கேட்கிற மருந்தின் வட்டைச் சுற்றி மட்டும் வளராமல் தெளிவாக ஒரு வளையம் விட்டிருக்கும். அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறோம். கிர்பி, பாவர் முதலானவர்கள் 1966-இல் எழுதி வைத்த முறை, இன்றைக்கும் பெரிய மாற்றமில்லாமல் நடக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் எண்கள் இருப்பதைப் பார்த்தால் மெஷினில் போட்டிருக்கிறார்கள். அதில் வட்டுக்குப் பதில் சின்னக் குழிகளில் மருந்து வெவ்வேறு அளவில் இருக்கும்.

இத்தனை வேலையிலும் அம்மா அந்த அறையிலேயே இல்லை. கிருமி இருக்கிறது, மருந்து இருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அந்தத் தட்டு எப்படிச் சொல்லும்? உங்கள் ரிப்போர்ட்டிலேயே பாருங்கள், கோட்ரைமாக்சசோலுக்கும் எஸ் இருக்கிறது. அதில் இருப்பது சல்ஃபா. கிருமிக்குக் கேட்கும், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. டாக்டர் அதை எழுதாமல் நைட்ரோஃபுரான்டாயின் எழுதியிருப்பதைப் பார்த்தால் அலர்ஜி விஷயம் அவர் குறிப்பில் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

பொன்னமராவதி_செல்வி
காலை 7.58

ரொம்ப நன்றி அக்கா. கோட்ரைமாக்சசோல்தான் அந்த சல்ஃபா என்பதே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன், “கிருமிக்குத்தான் சென்சிடிவா” என்று இரண்டு முறை கேட்டார். 10 மணிக்குப் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

தேனி_கணக்கு_ஆசிரியர்
காலை 8.20

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எஸ், ஆர் எழுத்தைவிட எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண் எம்ஐசி, அதாவது கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தளவு. எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மருந்து வலுவானது. இந்த ரிப்போர்ட்டில் மெரோபெனெம் 0.25, நைட்ரோஃபுரான்டாயின் 16. கிட்டத்தட்ட 64 மடங்கு வித்தியாசம். 0.25 இருக்கும்போது 16 உள்ள மருந்தை ஏன் கொடுக்க வேண்டும்? என் அப்பாவுக்கு நாங்கள் எண் குறைவாக உள்ளதைத்தான் கேட்டு வாங்கினோம்.

தட்டும்_வட்டும்
காலை 9.02

சார், எம்ஐசிக்கு நீங்கள் சொன்ன விளக்கம் சரி. ஆனால் ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது. இந்திய ரூபாயையும் இலங்கை ரூபாயையும் தாளில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எது பெரிய பணம் என்று சொல்ல முடியாது, அதுமாதிரிதான் இது.

ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லை உண்டு. பிரேக்பாயின்ட் என்போம். நம் நாட்டு லேப்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்ற அமைப்பின் அட்டவணை. அதன்படி ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 வரை எஸ். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 0.25 வரைதான் எஸ், 1 வந்தாலே ஆர். ஆக, சிப்ரோ 1 என்று வந்தால் தோல்வி, நைட்ரோ 16 என்று வந்தால் வெற்றி. சாப்பிட்ட மருந்து உடம்பில் எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அந்த எல்லையை வைக்கிறார்கள். நைட்ரோ சிறுநீரில் போய்க் குவிகிற மருந்து. 16 எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வட்டு வைத்துப் பார்த்தாலும் இதே கதை. வளையம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரோவுக்கு 17-லிருந்தே எஸ், அதனால் 20 நல்ல முடிவு. சிப்ரோவுக்கு 26 வேண்டும், 21-ம் அதற்குக் கீழேயும் ஆர். ஒரே 20, ஒன்றுக்கு எஸ், இன்னொன்றுக்கு ஆர். வட்டில் ஊற வைத்த மருந்தின் அளவும் அது அகாரில் பரவும் வேகமும் வேறு வேறு. பெரிய வளையம் பெரிய மருந்து என்று நினைத்து டாக்டரிடம் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. சிப்ரோவுக்கு முன்பு 1 வரை எஸ் என்றுதான் இருந்தது, 2019 அட்டவணையில் 0.25 ஆக இறக்கினார்கள். அதற்கு முந்தைய ரிப்போர்ட்டில் 1 என்று வந்து எஸ் வாங்கிய அதே மாதிரிக் கிருமி இன்றைக்கு வந்தால் ஆர் வாங்கும்.

தேனி_கணக்கு_ஆசிரியர்
காலை 9.15

சரி, எண்களை ஒப்பிடக் கூடாது என்பது புரிகிறது. ஆனாலும் மெரோபெனெம் எஸ்தானே. பெரிய மருந்து முதலிலேயே கொடுத்து ஒரேயடியாக ஒழித்துவிடலாமே என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

ஓய்வுபெற்ற_பொதுமருத்துவர்
காலை 9.48

அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஆசிரியர் ஐயா.

மெரோபெனெம் மாத்திரை கிடையாது. நரம்பில் ஏற்றுகிற ஊசி, வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. எரிச்சலும் கடுப்பும் மட்டும் உள்ள, காய்ச்சல் இல்லாத, நடமாடுகிற அம்மாவை அதற்காக வார்டில் படுக்க வைக்க வேண்டும். கையில் ஊசி, அதில் வீக்கம், வார்டில் இருக்கும் வேறு கிருமி என்று இல்லாத தொல்லையெல்லாம் வரும். கிருமி இருக்கும் இடம் சிறுநீர்ப்பை. மாத்திரையாக விழுங்கிய நைட்ரோஃபுரான்டாயின் நேராக அங்கேதான் போகிறது.

அதே அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல், முதுகுப்பக்க விலாவில் வலி, வாந்தி என்று வந்திருந்தால் நான் நைட்ரோ எழுத மாட்டேன். ரிப்போர்ட்டில் எஸ் இருந்தாலும் எழுத மாட்டேன். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். நைட்ரோ ரத்தத்திலும் சிறுநீரகச் சதையிலும் போதிய அளவு சேராது. ஒரே கிருமி, ஒரே ரிப்போர்ட், ஒரே எஸ். நோய் உட்கார்ந்திருக்கும் இடம் மாறினால் மருந்தும் மாறும்.

இந்த ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்சோன் ஆர் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கிற வகையாக இருக்கும். பெனிசிலின், மூன்றாம் தலைமுறை வரையிலான செஃபலோஸ்போரின் (செஃப்ட்ரியாக்சோன் அந்த வகைதான்) எல்லாவற்றையும் அந்த நொதி உடைத்துவிடும். அப்படிப்பட்ட கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கு ஆபத்தாகும்போது கையில் மிஞ்சியிருக்கும் நம்பகமான மருந்துகளில் மெரோபெனெம் முக்கியமானது. அதை நீர்க்கடுப்புக்குச் செலவழித்தால் அதற்கும் கேட்காத கிருமி வளரும். அப்படி வளர்ந்தது இன்றைக்கு நம் ஐசியுக்களில் நிறையவே இருக்கிறது. கையில் எந்த மருந்தும் இல்லாமல் படுக்கையின் பக்கத்தில் நின்று பார்த்த டாக்டர்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்று தெரியும்.

2012-இல் சென்னையில் கூடி மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டது இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2017-லிருந்து ஆன்டிபயாடிக்குகளை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. நைட்ரோ முதல் அடுக்கு, தாராளமாகப் பயன்படுத்தலாம். மெரோபெனெம் இரண்டாம் அடுக்கு, யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

பொன்னமராவதி_செல்வி
காலை 10.35

கிளினிக்கில் பேசிவிட்டேன். சல்ஃபா விஷயம் ஃபைலிலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறதாம், அதனால்தான் அதை விட்டிருக்கிறார். கிரியேட்டினின் போன மாதம் 0.9, பரவாயில்லை என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா முதல் மாத்திரை போட்டுவிட்டார். சிறுநீர் பழுப்பாகப் போகலாம், பயப்பட வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

மருந்தாளர்_விழுப்புரம்
காலை 11.10

மெடிக்கல் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல இருக்கிறது. பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் காட்டி “இதில் எஸ் போட்டிருப்பதில் ஏதாவது ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஓட்டலில் மெனு கார்டு பார்க்கிற மாதிரி விரலை வைத்துக் காட்டுகிறார்கள். சில சமயம் ரிப்போர்ட் அண்ணனுடையது, மருந்து தம்பிக்கு. அண்ணன் சிறுநீரில் இருந்த கிருமி தம்பி உடம்பில் இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறை. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். எழுதாமல் கொடுக்கிற கடையும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். நான் இல்லை என்று சொன்னால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். அதிலும் 5 நாள் கோர்ஸுக்கு “2 மாத்திரை மட்டும் கொடுங்க அண்ணே, கேட்டுச்சுன்னா அப்புறம் வாங்கிக்கிறேன்” என்பார்கள். மனசு வலிக்கிறது.

மேலூர்_பாண்டி
காலை 11.32

எனக்கும் சிப்ரோ ஆர்தான். சின்ன வயதிலிருந்து போட்டுப் போட்டு உடம்புக்கு மருந்து பழகிவிட்டது, இனி கேட்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். என் உடம்பில் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்றால் இனி வாழ்நாள் முழுக்க சிப்ரோ எனக்கு வேலை செய்யாதா?

தட்டும்_வட்டும்
மதியம் 12.15

பாண்டி தம்பி, பழகியது உங்கள் உடம்பு இல்லை. ‘எனக்கு சிப்ரோ ரெசிஸ்டன்ட்’ என்று எல்லோரும் சொல்கிறோம், அது தவறான வாக்கியம். ‘அன்றைக்கு என் சிறுநீரில் இருந்த கிருமி சிப்ரோவுக்குக் கேட்காது’ என்பதுதான் ரிப்போர்ட் சொன்னது. அடுத்த முறை வேறொரு கிருமி வந்தால் அது சிப்ரோவுக்குக் கேட்கலாம். அதே கிருமியே திரும்பவும் வரலாம். அதனால்தான் புதிதாக வந்தால் புதிதாகக் கல்ச்சர் போடச் சொல்கிறோம்.

ஆனால் இதை வைத்துப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கேட்காத கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். கல்ச்சர் முடிவு வர 2 நாள் ஆகும், அதற்குள் மருந்து தொடங்க வேண்டியிருந்தால் டாக்டருக்குப் பழைய ரிப்போர்ட் ரொம்ப உதவும்.

ஆன்டிபயாடிக்கே தொடாதவர்களுக்கும் ஆர் வருவது உண்டு. அந்தக் குணத்துக்கான மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதை அப்படியே கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். தண்ணீர், சாப்பாடு, ஆஸ்பத்திரி, வீட்டில் இன்னொருவர் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து குடலில் குடியேறிக்கொள்ளும்.

சாவகச்சேரி_ரவி
மதியம் 1.05

வணக்கம். இழையை முழுதாக வாசித்தேன். எங்கட அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார், 2 மாதமாகச் சலக்குழாய் (சிறுநீர் போகிற கதீட்டர்) போட்டிருக்கு. சலம் கலங்கலாக இருந்ததால் ஆய்வுகூடத்தில் கொடுத்தோம். கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்திருக்கு, ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஆர். காய்ச்சல் இல்லை, வழமையாகச் சாப்பிடுகிறார், கதைக்கிறார். வைத்தியர் குளிசை ஒன்றும் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். இவ்வளவு ஆர் இருக்கும்போது சும்மா விடலாமா? வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_பொதுமருத்துவர்
மதியம் 2.20

ரவி, உங்கள் வைத்தியர் நல்ல வைத்தியர். அவர் பேச்சைக் கேளுங்கள்.

சலக்குழாய் ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வளரும். குழாயின் உள்சுவரில் அது படலமாகப் படிந்துகொள்ளும். அது அங்கே இருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. கலங்கலையோ வாடையையோ மட்டும் வைத்து மருந்து தொடங்குவதில்லை. இப்போது ஆன்டிபயாடிக் கொடுத்தால் இந்தக் கிருமி சில நாள் அடங்கும், குழாய் இருக்கும்வரை இன்னொன்று வந்து உட்காரும், அது இதைவிடக் கெட்டதாக இருக்கலாம். அப்போது அந்த ‘ஒன்றிரண்டு’ எஸ்ஸும் போய்விடும்.

எத்தனை ஆர் இருக்கிறது என்பதை வைத்து நோய் எவ்வளவு கடுமை என்று கணக்குப் போடாதீர்கள். மருந்துக்குக் கேட்காத கிருமி அதனாலேயே அதிக நோய் கொடுக்கும் என்றில்லை. நோய் வந்தால் அடக்க மருந்து குறைவு, அதுதான் அந்த ஆர்களின் பொருள்.

குளிர் காய்ச்சல், விலாப்பக்கத்தில் அல்லது அடிவயிற்றில் வலி, திடீரென்று சோர்ந்து நினைவு தடுமாறுவது, இரத்த அழுத்தம் இறங்குவது, இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, அந்தப் புதுக் குழாயிலிருந்து சிறுநீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். குழாயோடு மாட்டியிருக்கும் பையில் தேங்கியிருப்பதை ஒருநாளும் அனுப்பக் கூடாது.

தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால் கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுப்போம். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய ஆபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கும் கொடுப்போம். சர்க்கரை நோயாளி என்பதற்காகவோ வயதானவர் என்பதற்காகவோ கொடுப்பதில்லை. செல்வியின் அம்மாவுக்கு எரிச்சலும் கடுப்பும் இருந்தது, அதனால்தான் மருந்து.

சாவகச்சேரி_ரவி
மதியம் 2.41

நன்றி ஐயா. மனம் ஆறுதலாக இருக்கு. குழாய் எப்ப மாற்றினது என்று தாதியிடம் கேட்டுக் குறித்து வைக்கிறேன்.

கூத்தாநல்லூர்_ரஹீம்
மாலை 4.10

எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. போன வருடம் என் மனைவிக்கு ஒரு லேபில் கல்ச்சர் கொடுத்தோம், 20 மருந்துக்கு முடிவு வந்தது. இந்த வருடம் வேறு லேபில் கொடுத்தால் 7 மருந்துக்கு மட்டும் இருக்கிறது. போன் செய்து கேட்டால் “மற்றதையும் டெஸ்ட் செய்திருக்கிறோம், ஆனால் ரிப்போர்ட்டில் போடுவதில்லை” என்கிறார்கள். காசு கொடுத்தது நாங்கள். முடிவை மறைப்பது என்ன நியாயம்?

தட்டும்_வட்டும்
மாலை 4.55

ரஹீம் பாய், அப்படிச் சுருக்கிக் கொடுப்பது நல்ல லேப் செய்கிற வேலை. சாதாரண மருந்துகளுக்கே கிருமி கேட்கிறது என்றால் மேல்மட்ட மருந்துகளின் முடிவை அச்சடிக்க மாட்டோம். கீழே உள்ளவற்றுக்கு ஆர் வந்தால்தான் அடுத்தவற்றைத் திறப்போம். படிப்படியாகக் காட்டுவது. மெரோபெனெம் எஸ் என்று தாளில் இருந்தால் அதை எழுதத் தூண்டுதல் வரும். காலையில் நம் ஆசிரியர் ஐயாவே கேட்டாரே.

வேறு காரணமும் இருக்கிறது. சில கிருமிக்குச் சில மருந்து தட்டில் அழகாக வளையம் காட்டும், உடம்பில் வேலை செய்யாது. டைஃபாய்டு கிருமிக்கு ஜென்டாமைசின் வட்டு வைத்தால் வளையம் விழும். ஆனால் டைஃபாய்டு கிருமி நம் வெள்ளணுக்களுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது, ஜென்டாமைசின் அதற்குள் சரியாக நுழையாது. அதை எஸ் என்று ரிப்போர்ட் செய்யக் கூடாது என்று அட்டவணையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தெரியாத லேப் இருக்கிற வட்டையெல்லாம் வைத்து 20 மருந்துக்கும் முடிவு கொடுத்தால் நீங்கள் அதைத்தான் நல்ல லேப் என்பீர்கள். ஆபத்து அங்கேதான்.

ஓய்வுபெற்ற_பொதுமருத்துவர்
மாலை 5.20

டாப்டோமைசின் என்றொரு மருந்து. ஸ்டாஃப் கிருமி லேப் டெஸ்டில் அதற்கு நன்றாகவே கேட்கும். நுரையீரலுக்குள் இருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் நிமோனியாவுக்கு அதைக் கொடுப்பதில்லை. மூளைக்காய்ச்சல் என்றால் கேள்வியே வேறு, மருந்து மூளை உறையைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.

கூத்தாநல்லூர்_ரஹீம்
மாலை 5.48

டைஃபாய்டு விஷயம் புதிது, ஒப்புக்கொள்கிறேன். அப்படித் தவறாக வழிநடத்தும் முடிவை அச்சிடாமல் இருப்பது சரி. ஆனால் சரியாக வந்த முடிவையும் டாக்டருக்குத் தூண்டுதல் வரும் என்பதற்காக நோயாளியிடமிருந்து மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘மேலும் சில மருந்துகளுக்கு முடிவு உண்டு, தேவைப்பட்டால் டாக்டர் லேபைத் தொடர்புகொள்ளவும்’ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

தட்டும்_வட்டும்
மாலை 6.05

அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான். டாக்டர் போன் செய்தால் நல்ல லேப் எல்லா முடிவையும் சொல்லும். வார்டில் நோயாளி மோசமாக இருக்கும்போது தினமும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் முழுப் பட்டியலையும் நோயாளி கையில் கொடுக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை. மருந்தாளர் அண்ணன் காலையில் சொன்ன காட்சிதான் கண்முன் வருகிறது.

தேனி_கணக்கு_ஆசிரியர்
மாலை 6.30

நடுவில் ‘ஐ’ என்று ஒன்று வருகிறதே, அது பாதி கேட்கும், பாதி கேட்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தட்டும்_வட்டும்
மாலை 6.52

வேண்டாம் சார், அப்படி எடுத்துக்கொண்டால் தவறாகப் போகும். அளவைக் கூட்டினாலோ, மருந்து நிறையச் சேர்கிற இடத்தில் நோய் இருந்தாலோ வேலை செய்யலாம் என்பதுதான் அதன் பொருள். சி.எல்.எஸ்.ஐ. மாதிரி ஐரோப்பாவில் இருக்கும் யூகாஸ்ட் அமைப்பு 2019-இல் ஐ என்ற எழுத்துக்கே ‘கூடுதல் அளவில் கேட்கும்’ என்று விளக்கத்தை மாற்றிவிட்டது. அதனால் ஐ பார்த்ததும் தள்ளிவிட வேண்டாம், நாமாகவே இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். டாக்டர் பார்த்து முடிவு செய்கிற எழுத்து அது.

மேலூர்_பாண்டி
இரவு 8.15

அக்கா, கடைசியாக ஒன்று. நாளைக்கு எனக்குத் திரும்பக் கல்ச்சர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை ‘மிக்ஸ்டு க்ரோத், மீண்டும் அனுப்பவும்’ என்று வந்துவிட்டது, எஸ்ஸும் இல்லை ஆரும் இல்லை. லேப் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். எப்படிக் கொடுக்க வேண்டும்?

தட்டும்_வட்டும்
இரவு 8.40

3 வகைக் கிருமியோ அதற்கு மேலோ சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் தோலில் இருந்து கலந்தது என்று எடுத்துக்கொண்டு அப்படி எழுதுவோம். அதில் சென்சிடிவிட்டி போடவும் மாட்டோம், போட்டால் யாருக்கும் பயனில்லாத முடிவு வரும்.

முடிந்தால் லேபுக்கே போய் அங்கே கொடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரால் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பெண்களாக இருந்தால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் கழுவ வேண்டும். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நிறுத்தாமல் நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். லேப் கொடுக்கும் மூடி போட்ட ஸ்டெரைல் டப்பாதான் வேண்டும், வீட்டு மருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டு வர வேண்டாம். டப்பாவின் உள்பக்கத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ விரல் படக் கூடாது.

வீட்டில் எடுத்தால் 2 மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். பஸ் தாமதமாகும் என்று தோன்றினால் ஐஸ் பேக்கோடு கொண்டு வாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலில் கிருமி பெருகி, ஆயிரமாக இருந்தது லட்சமாகத் தெரியும்.

ஆன்டிபயாடிக் ஏதாவது ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருந்தின் பெயரையும் எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்பதையும் ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரை எடுத்துவிடுங்கள்.